ஒரு லிட்டர் அலையாத்தித் தண்ணீரில் எண்ணியது

கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் எடுத்த அலையாத்திக் காட்டுத் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளை எண்ணி முடித்தபோது இரவு பதினொன்றரை மணி. மூன்று இடங்கள், மூன்று புட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை எண்ணிக்கை. இரண்டாவது தடவை எண்ணியது முதல் தடவையோடு நூற்றுக்குப் பத்துக்குமேல் விலகவில்லை. அதைவிடப் பெரிய நிம்மதி, படகு ஓட்டும் அண்ணன் தண்ணீர் எடுத்த அன்று காலையில் அதைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னதும் என் நோட்டில் வந்ததும் ஒத்துப்போனது. மாசியில் தொடங்கிய வேலை. இடையில் எடுத்த மாதிரிகளில் பாதிக்குமேல் குப்பைக்குப் போயின. அவை ஏன் போயின என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பிக்கிறேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு மாணவியின் தந்தை பள்ளிக்கே வந்தார். "சார், வடிகால் வந்து சேருகிற இடத்தில் விடியற்காலையில் மடவைக் குஞ்சு செத்து மிதக்கிறது. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். இறால் குட்டைக்காரர்கள் வைத்திருக்கும் சோதனைப் பெட்டியை இரவல் வாங்கி அமிலத்தன்மையும் அம்மோனியாவும் பார்த்தேன். இரண்டிலும் குறை தெரியவில்லை. அந்தப் பெட்டி அந்த நிமிடத்துத் தண்ணீரை மட்டும் சொல்லும். போன வாரம் அங்கே என்ன நடந்தது என்பதை அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்து பெருகும் தாவர மிதவை உயிரிகள், அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசிகள்தான் சொல்ல முடியும். அதனால் அவற்றை எண்ணுவது என்று முடிவு செய்தேன். வந்தவரே படகும் தந்தார். அன்று முதல் அவர் எனக்கு அண்ணன்.

இது காப்புக்காடு. வனத்துறையில் எழுதிக் கொடுத்து, தண்ணீர் தவிர எதையும் எடுப்பதில்லை என்று சொல்லி அனுமதி பெற்ற பிறகே இறங்கினோம். மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டோம். முதலாவது, வயல் வடிகால் கோரையாற்றில் விழும் வாய். இரண்டாவது, காட்டுக்குள் மீன்முள் வடிவில் வெட்டப்பட்ட வாய்க்கால்களில் ஒன்றின் உட்கோடி. மூன்றாவது, லகூன் எனப்படும் கடலோரக் காயலின் நடுப்பகுதி.

முதல் தவறு வலை. எல்லோரும் வலையால்தான் மிதவை பிடிக்கிறார்கள் என்று நானும் வலை தைக்கப் போனேன். 48 மைக்ரான் கண்ணுள்ள சல்லடைத் துணி ஒரு மீட்டர் 1,900 ரூபாய். வாய்க்கு 30 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையம், நீளம் 90 செ.மீ., அடியில் 100 மி.லி. மருந்துப் புட்டி. கடைத்தெருவில் தைக்கும் பாய் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஊசி போன ஓட்டை துணியின் கண்ணைவிடப் பெரிதாக இருக்குமே" என்றார். எனக்குத் தோன்றாத விஷயம் அது. இருப்பதிலேயே மெல்லிய ஊசியை மாட்டி, விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்து, தையலின்மேல் துணிப் பசை தடவிக் கொடுத்தார். வளையம், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய்.

வலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்தான் வேறு மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் இழுத்தால் போதும், சேற்றுத்தூசி துணியின் கண்களை அடைத்துவிடும். அதற்குமேல் தண்ணீர் வலைக்குள் நுழையாமல் வாய் ஓரமாகவே வழிந்து போகும். எத்தனை லிட்டர் வடிந்தது என்று தெரியாதபோது லிட்டருக்கு எத்தனை உயிரி என்று எப்படிச் சொல்வது? துணியின் கண்ணைவிடச் சிறிய செல்கள் நழுவிப் போவது இன்னொரு குறை. ஊசிபோல் மெலிந்த நிட்சியா என்ற நுண்பாசி நீளவாக்கில் திரும்பி எளிதாக வெளியேறிவிடுகிறது. பங்குனி முடியும்வரை எடுத்த வலை மாதிரிகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட்டேன். என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்று பார்த்துப் படம் வரைய இப்போதும் வலை உதவுகிறது. எண்ணுவதற்கு உதவாது.

சித்திரையில், ஒரு லிட்டர் தண்ணீரை அப்படியே மொண்டு தெளியவைத்து, அடியில் படிவதை எண்ணும் முறைக்கு மாறினேன். தலைகீழ் நுண்ணோக்கி இருந்தால் படிந்த பாத்திரத்தின் அடியிலிருந்தே பார்க்கலாம். பள்ளியில் இருப்பது சாதாரண நுண்ணோக்கிதான். அதனால் 48 மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறக்கி, கடைசி 20 மி.லி.யை மட்டும் எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன்.

தெளியவைக்கக் காலிக் குளிர்பானப் புட்டிகளை எடுத்ததில் ஒரு மாதம் போனது. அந்தப் புட்டியின் அடி தட்டையாக இருக்காது, ஐந்து இதழாகக் குழிந்திருக்கும். படிந்ததில் ஒரு பங்கு அந்தக் குழிகளிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரே தண்ணீரை இரண்டு புட்டிகளில் ஊற்றி எண்ணினால் ஒன்றில் 140, இன்னொன்றில் 83. 1,000 மி.லி. கண்ணாடி அளவு உருளைகள் மூன்று, தலா 620 ரூபாய்க்கு வாங்கிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. அவற்றையும் முதலில் ஆய்வகச் சன்னலோரம் வைத்திருந்தேன். வெயில் படும் பக்கம் தண்ணீர் சூடாகி மேலெழும்ப, படிந்துகொண்டிருந்தவை மறுபடி கிளம்பின. இப்போது இருட்டு அலமாரியின் அடித்தட்டில் வைக்கிறேன்.

மேல் தண்ணீரை இறக்க மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் குழாய் அருமையான கருவி. சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் அதிலேயே இருக்கிறது. முனையில் வலையின் மீதித் துணியைக் கட்டி, மேல்மட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினால் ஒரு லிட்டர் வடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் அடி கலங்கிவிடும். விலை 35 ரூபாய்.

அடுத்தது, பிடித்த உயிரிகளைக் கெடாமல் வைப்பது. ஆடி வரைக்கும் ஃபார்மலின்தான் ஊற்றினேன். பள்ளி ஆய்வகத்தில் அதுதான் இருந்தது. வடிகால் வாயின் தண்ணீரில் பச்சை நிறத்தில் உருண்டையான செல்கள் நிறைய வரும். எந்தப் படத்தோடும் பொருந்தாததால் 'அடையாளம் தெரியாத உருண்டை' என்று ஒரு தனிப் பத்தி போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் ஃபார்மலின் தீர்ந்துபோக, அன்று மாலையே உயிரோடு ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உருண்டை எதுவும் இல்லை. கதிர்போல் நீண்ட பச்சை உடல் ஒன்று அட்டைபோல் சுருங்கியது. நடுவில் பருத்தது, பருமன் பின்பக்கம் போனது, மறுபடி நீண்டது. முன்முனையில் கடுகை நூறாக்கியதுபோல் ஒரு சிவப்புப் புள்ளி. யூக்ளினா! பதினோராம் வகுப்புக்கு வருடா வருடம் கரும்பலகையில் வரைகிற உயிரி. ஃபார்மலின் பட்டதும் அது சுருண்டு உருண்டையாகிவிடுகிறது. கழிவு மிகுந்த நீருக்கு முதல் அடையாளமாகச் சொல்லப்படும் இனத்தையே மூன்று மாதம் பெயர் தெரியாமல் எண்ணியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, உயிரிகளைக் கெடாமல் வைக்கும் அயோடின் கரைசலான லூகால் கரைசல். அயோடினை நேராகத் தண்ணீரில் போட்டு அரை நாள் கலக்கினேன், கரையவேயில்லை. பொட்டாசியம் அயோடைடு 10 கிராமை முதலில் 20 மி.லி. நீரில் கரைத்து, அதில் 5 கிராம் அயோடினைப் போட்டால் உடனே கரைகிறது. பிறகு 100 மி.லி. ஆக்கி, 10 மி.லி. அடர் அசெட்டிக் அமிலம் சேர்க்க வேண்டும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். இளந்தேநீர் நிறம் வரும்வரை ஊற்று என்பார்கள். அலையாத்திக் காட்டுத் தண்ணீர் இலைச் சாற்றால் ஏற்கெனவே தேநீர் நிறம்தான்! நிறத்தை நம்பிக் குறைவாக ஊற்றிய இரண்டு புட்டிகள் ஒரே வாரத்தில் கெட்டுப்போயின. இப்போது ஊற்றாத தண்ணீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன், லிட்டருக்கு 12 மி.லி.வரை போகிறது. லூகாலில் யூக்ளினா சுருளத்தான் செய்கிறது. ஆனால் பச்சைப் பாசிகளின் மாவுச்சத்து அயோடினில் கருத்துவிடும், யூக்ளினாவின் சேமிப்புப் பொருள் கருக்காது. உருண்டைகளைப் பிரித்தறிய அது போதும். எதற்கும் ஒவ்வொரு இடத்திலும் அரைப் புட்டித் தண்ணீரை உயிரோடு எடுத்து, ஈரத்துணி சுற்றி நிழலில் கொண்டுவந்து அன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.

எண்ணுவதற்கு வாங்கியது செட்ஜ்விக் ராஃப்டர் தட்டு, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு. 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், கச்சிதமாக ஒரு மி.லி. கொள்ளும், ஆயிரம் கட்டங்கள். விலை 1,450 ரூபாய். வாங்கிய அன்றே 40 மடங்கு லென்ஸை இறக்கி மேல்மூடிக் கண்ணாடியை உடைத்துவிட்டேன். ஒரு மி.மீ. ஆழத்துக்குள் அந்த லென்ஸால் பார்க்க முடியாது. 10 மடங்கு லென்ஸில் எண்ணி, சந்தேகம் வந்தால் சாதாரணக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து 40-இல் பார்ப்பதே வழி. மூடிக் கண்ணாடி தனியாக 180 ரூபாய்.

இனி முக்கியமான தோல்வி. பாசி இனங்களைக் கொண்டு நீரின் கழிவுச் சுமையை அளக்க பாமர் என்பவர் 1969-இல் ஓர் அட்டவணை தந்தார். இருபது பேரினங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 20 அல்லது அதற்குமேல் என்றால் கழிவு மிகுதி உறுதி, 15 முதல் 19 என்றால் இருக்கக்கூடும். ஆடி மாத மாதிரிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். வடிகால் வாயில் செனடெஸ்மஸ் 4, நிட்சியா 3, ஆங்கிஸ்ட்ரோடெஸ்மஸ் 2, மொத்தம் 9. யூக்ளினாவைக் கண்டுகொண்ட பிறகு 5 சேர்த்து 14. காட்டின் உட்கோடியில், மனித நடமாட்டமே இல்லாத வாய்க்காலில் ஆசில்லட்டோரியா 5, நேவிகுலா 3, நிட்சியா 3, சினட்ரா 2, ஃபார்மிடியம் 1, சைக்ளோடெல்லா 1, மொத்தம் 15. மீன் சாகும் இடம் தேவலாம், காட்டின் நடுவே கழிவு என்றது கணக்கு.

நோட்டை அண்ணனிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கழியை உயர்த்தி அதன் நுனியைக் காட்டினார். ஒரு முழம் உயரத்துக்குச் சேறு. "இதை ஊன்றித்தானே உள்ளே வருகிறோம் சார். அந்தச் சேற்றைத்தான் நீங்கள் மொள்ளுகிறீர்கள்" என்றார்.

அவர் சொன்னது சரி. நேவிகுலா, நிட்சியா, பிளூரோசிக்மா போன்றவை பெரும்பாலும் சேற்றின்மேல் வாழும் டயட்டம்கள், அதாவது கண்ணாடிபோன்ற ஓடுள்ள நுண்பாசிகள். உப்பேறிய சேற்றில் ஆசில்லட்டோரியாவும் ஃபார்மிடியமும் பாய் விரித்ததுபோல் படர்ந்திருப்பது அலையாத்திக் காட்டின் இயல்பு, அவை கழிவின் அடையாளம் அல்ல. பாமரின் அட்டவணை நன்னீருக்காக உருவானது. அன்று அந்த வாய்க்காலின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 38, கடல்நீரைவிட அதிகம். அங்கே அந்த அளவுகோலை வைத்தது என் பிழை. அட்டவணை இப்போது என் பெட்டியில் இல்லை.

அதன்பின் மொள்ளும் முறையையே மாற்றினோம். இன்ஜினைத் தொலைவிலேயே நிறுத்தி, கழியைத் தூக்கிவிட்டு, படகு தானாக நின்றபிறகு பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் பைப்பின் முனையில் புட்டியைக் கட்டி, படகின் முன்பக்கம், நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நீட்டி, மேல்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே நிரப்புகிறேன். உட்கோடி வாய்க்காலில் சேற்று இனங்களின் பங்கு நூற்றுக்கு 61-இலிருந்து 22 ஆகக் குறைந்தது. அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு மிகப் பிடித்த நேரமாகிவிட்டது. மூச்சு வேர்களின்மேல் சேற்றுத்துள்ளி மீன்கள் ஒவ்வொன்றாக ஏறி உட்காரும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பிழையும் பிடிபட்டது.

ஆவணியில் ஒரு நாள் அண்ணன் வேரைக் காட்டி, "கோடு பாருங்கள், வற்றம் இன்னும் முடியவில்லை" என்றார். கடல்நீர் இறங்குவது வற்றம், ஏறுவது ஏற்றம். வேரில் நனைந்த நிறத்துக்கும் காய்ந்த நிறத்துக்கும் நடுவே ஒரு கோடு, தண்ணீருக்கு நான்கு விரல்கடை மேலே. அதுவரை நான் பள்ளி விடுமுறையும் படகின் ஓய்வும் பொருந்துகிற நேரத்தில் போய் மொண்டு வந்திருந்தேன். அன்று வடிகால் வாயில் காலை எட்டு மணிக்கு ஒரு புட்டியும் மதியம் ஒன்றரைக்கு ஒரு புட்டியும் எடுத்தோம். காலையில் உப்புத்தன்மை 9. பச்சைப் பாசிகள், யூக்ளினா. மதியம் 27. காசினோடிஸ்கஸ், தலாசியோநீமா, கீட்டோசெராஸ் என்று முழுக்கக் கடல் வாசிகள். ஒரே இடம், ஒரே நாள், இரண்டு வெவ்வேறு தண்ணீர்! இங்கே ஏற்றவற்றம் பெரிதல்ல. ஆனால் ஆழமே இடுப்பளவு உள்ள இடத்தில் அந்தச் சிறு ஏற்றமும் வாயில் நிற்கும் தண்ணீரை முழுக்க மாற்றிவிடுகிறது. கடைமடையில் வயல் வடிந்து வருவதைப் பார்க்க வேண்டுமானால் வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்கு முந்தைய மாதிரிகளில் நேரம் குறித்திருந்தேன், ஏற்றமா வற்றமா என்று குறிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கினேன்.

புரட்டாசியில் மடவைக் குஞ்சு மறுபடி செத்தது. காவிரித் தண்ணீர் கடைமடை வந்து, சம்பா வயல்களில் மேலுரம் போட்டு, திடீர் மழையில் வடிகால்கள் நிரம்பி ஓடியபின் நல்ல வெயில் நான்கு நாள். வடிகால் வாய் பச்சைப் பயறு அரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. அடர்த்தி கண்டு 250 மி.லி. மட்டும் தெளியவைத்து 20 மி.லி. ஆக்கினேன். ஐம்பது கட்டங்களில் 1,130 செல்கள். கட்டத்துக்கு 22.6, மி.லி.க்கு 22,600, 20 மி.லி.க்கு 4,52,000, நான்கால் பெருக்கினால் லிட்டருக்குப் பதினெட்டு லட்சம். அதில் நூற்றுக்கு 84 ஒரே இனம்.

அன்று மாலை மூன்று மணிக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 11.2 மி.கி. அண்ணன் வற்புறுத்தியதால் மறுநாள் விடியற்காலை ஐந்தே காலுக்கும் போனோம். 1.6! பகலில் ஆக்சிஜனைக் கொட்டிய அதே பாசிகள் இரவெல்லாம் மூச்சுவிட்டு அதைத் தின்று தீர்த்திருந்தன. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மறுபடி சரியாகிவிடும். மாசியில் நான் பத்து மணிக்குப் பார்த்துவிட்டு, குறையில்லை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் செத்த குஞ்சுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி அடைமழையில் படகு இறங்கவில்லை. வீட்டிலிருந்து பழைய கணக்குகளைச் சரிபார்த்தேன். அங்கே இன்னொரு பிழை. இனப் பன்மையை அளக்க ஷானன் குறியீடு போட்டிருந்தேன். 3-க்குமேல் தூய நீர், 1 முதல் 3 வரை மிதமான மாசு, 1-க்குக் கீழ் கடும் மாசு என்று வில்ம், டோரிஸ் இருவரும் 1968-இல் வகுத்த வரம்பை வைத்துப் படித்தேன். அவர்கள் மடக்கையை இரண்டின் அடிமானத்தில் எடுத்தார்கள். என் கணினித் தாள் இயல் மடக்கையில் போட்டிருந்தது. லகூனுக்கு 2.2 வந்ததை மிதமான மாசு என்று எழுதி வைத்திருந்தேன். 0.693-ஆல் வகுத்தால் 3.17. ஒரு வகுத்தலில் லகூன் தூய நீராகிவிட்டது. அந்த வரம்புகளும் நீரடி விலங்குகளை வைத்து வகுக்கப்பட்டவை. அதனால் இப்போது நான் வரம்பையே பார்ப்பதில்லை. ஓரிடத்தின் எண்ணை அதே இடத்தின் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுகிறேன். ஒரே இனம் பாதிக்குமேல் வந்தால் அண்ணனுக்குப் போன் செய்கிறேன். விடியற்காலை ஆக்சிஜன் பார்க்க அதுதான் அழைப்பு.

கார்த்திகைக் கணக்குக்கு வருகிறேன். வற்றத்தின் கடைசியில் மொண்டது. வடிகால் வாயில் உப்புத்தன்மை 4, லிட்டருக்கு 61,000, பெரும்பாலும் செனடெஸ்மஸும் பீடியாஸ்ட்ரமும், யூக்ளினா கொஞ்சம், குறியீடு 1.9. உட்கோடியில் 11, லிட்டருக்கு 24,000, குறியீடு 3.1. லகூனில் 17, லிட்டருக்கு 38,000, கடல் டயட்டம்கள் திரும்பத் தொடங்கியிருந்தன, குறியீடு 2.8. மொண்ட அன்று காலையில் அண்ணன் சொன்னது: "வாயில் வயல் தண்ணீர் இன்னும் நிற்கவில்லை, உள்ளே தேறிவிட்டது, லகூனில் கடல் வந்து கலந்துகொண்டிருக்கிறது."

இதுவரை செலவு, டீசல் நீங்கலாக 9,400 ரூபாய். வலை வாங்காமல் இருந்திருந்தால் 6,750. அண்ணன் படகுக்கு வாடகை வாங்க மறுக்கிறார், டீசலுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் 500 கொடுக்கிறேன்.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் முதல் மாதம் எதையும் எண்ணமாட்டேன். உயிருள்ள தண்ணீரைப் பார்த்து இனங்களை வரைந்து பழகிவிட்டுத்தான் புட்டியை எடுப்பேன். லூகால் ஊற்றிய புட்டிகளின் நிறத்தை மாதம் ஒரு தடவை பார்த்து, வெளுத்திருந்தால் மேலும் சில சொட்டு விடுவேன். புரட்டாசிப் புட்டியை அப்படிப் பார்க்கத் தவறிவிட்டேன், பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தப் பதினெட்டு லட்சத்தை இனி யாரும் திரும்ப எண்ணிப் பார்க்க முடியாது. உரம் போட்ட நாள்களை வடிகாலுக்கு மேலே உள்ள விவசாயிகளிடம் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். அதை இன்னும் செய்யவில்லை. தை அமாவாசைக்கு இரண்டு உருளைகள் கூடுதலாக வாங்கி, வடிகால் வாயில் வற்றத்திலும் ஏற்றத்திலுமாக ஒரே நாளில் இரண்டு தடவை மொள்ளப் போகிறோம். அன்று மாணவியும் படகில் வருகிறாள். நுண்ணோக்கியில் யூக்ளினாவை முதலில் அவள்தான் பார்க்க வேண்டும் என்று அவள் தந்தையிடம் சொல்லியிருக்கிறேன்.